சூடு வைக்கும் அறையும் இடுப்புக் கொடியும்

குமரேசா, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. காய்ச்சல் வந்தாலும் மெடிக்கலில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவாய். கடைசியில் கீழப்பழுவூர் ரோட்டில் அந்த லாரி உன் வண்டியில் மோதியபோதும் உன்னை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். ஆனால் கட்டிலுக்கு இல்லை, பின்பக்கம் இருக்கும் அறைக்கு. அதனால் ஆஸ்பத்திரி நாட்கள் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. நான் போய்ப் படுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதைச் சொல்கிறேன்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த கண்டக்டர் அண்ணன்தான், முதுகுவலிக்காரன் நாலு பேருக்காவது உதவும், நடந்ததை நடந்தபடி எழுது என்றார். படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். குமரேசன் எனக்கு ரெண்டு வயது மூத்தவன். அண்ணன் என்று நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அதற்காக அம்மாவிடம் அடிகூட வாங்கியிருக்கிறேன். அவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

எனக்கு எப்படி முதுகு போனது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் குடோனில் நாங்கள் ரெண்டு பேரும் லோடுமேன். மூட்டையை அடுக்கி வைத்திருக்கும் அட்டியிலிருந்து தூக்கி லாரியில் போட ரெண்டு ஆள் வேண்டும். இந்த முனை ஒருத்தன், அந்த முனை ஒருத்தன். ஜோடி என்று சொல்வார்கள். நீயும் நானும் ஜோடி. குனிந்து மூட்டையின் காதைப் பிடித்ததும் நீ "சரியா?" என்பாய். நான் "சரி" என்பேன். நான் சொல்லி முடிக்கும்போது மூட்டை தரையில் இருக்காது. நாளெல்லாம் இதே ரெண்டு வார்த்தைதான். பக்கத்து ஜோடிக்காரர்கள் எங்களைக் கிண்டல் செய்வார்கள், இவனுங்க வூட்லயும் இப்படித்தான் பேசிக்குவானுங்களா என்று.

நீ போன பிறகு எனக்கு ஜோடியாக தினேசு வந்தான். நல்ல பையன், பலசாலி. ஆனால் வாயைத் திறக்காமல் தூக்குவான். ஒரு நாள் நான் தூக்கிவிட்டேன், அவன் இன்னும் தூக்கவில்லை. மூட்டை என் பக்கம் திரும்பிச் சாய்ந்தது. விடாமல் பிடித்தேன். இடுப்புக்கு மேலே உள்ளுக்குள் ஏதோ சுண்டி இழுத்தது. மூட்டையை வைத்துவிட்டு நிமிரப் பார்த்தேன், முடியவில்லை. தினேசு என் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டான். அவன்மேல் தப்பில்லை. நான்தான் கேட்காத வார்த்தைக்கு மனதுக்குள் பதில் சொல்லிவிட்டுத் தூக்கியிருக்கிறேன்.

அரியலூரில் ஊசி போட்டார்கள், இடுப்பு பெல்ட் கொடுத்தார்கள். ஒரு வாரம் பரவாயில்லை போல இருக்கும், பிறகு மறுபடி பிடித்துக்கொள்ளும். மாதங்கள் இப்படியே போயின. போகப்போக உடம்பு இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கடை வாசலில் என்னைப் பார்க்கிறவர்கள் நான் எதையோ எட்டிப் பார்க்கிறேன் என்று நினைத்தார்கள். செருப்பு மாட்ட முடியாது. தும்மினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

இதற்குள் வருஷம் திரும்பி உன் தலைத் தெவசம் நெருங்கிவிட்டது. அப்பா இல்லை. உனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. உட்காருவதற்கு நான் ஒருத்தன்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், குனிந்து பிண்டம் வைக்க வேண்டும், கொள்ளிடத்தில் இறங்கி முழுக வேண்டும். பெரியப்பா வீட்டுக்கு வந்து, தன் மகனை உட்கார வைக்கிறேன் என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மா காபி கொடுத்து அனுப்பிவிட்டது. அவர் போன பிறகு என்னிடம் சொன்னது:

"கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தன் கையால அவனுக்குச் சோறு போவக்கூடாது. நீ உக்காருற. அதுக்கு எந்த ஆஸ்பத்திரின்னாலும் போவோம்."

பெரம்பலூரில் எலும்புக்கென்று இருக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேர் வேண்டாம். வெளியே போட்டிருந்த நாற்காலியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. மக்காச்சோளம் அறுக்கப் போய் விழுந்த ஒரு பெண், கால் ஒடிந்த ஒரு காலேஜ் பையன், கழுத்தில் பட்டை போட்ட ஒரு காக்கிச்சட்டைக்காரர். அந்தக் காக்கிச்சட்டைக்காரர்தான் கண்டக்டர் அண்ணன். அரும்பாவூர்க்காரர். கழுத்தைத் திருப்ப முடியாததால் யாரிடம் பேசினாலும் மொத்த உடம்பையும் திருப்பித்தான் பேசுவார்.

முதலில் எக்ஸ்ரே. மேசையில் படுத்தபோது எக்ஸ்ரே எடுக்கிறவர், இடுப்பில் கொடி இருந்தால் நெஞ்சுப் பக்கம் ஏற்றிக்கொள் என்றார். ஏற்றிக்கொண்டேன். எடுத்து முடித்ததும் இறக்கிவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் வினை ஆனது.

டாக்டர் என்னைப் படுக்க வைத்துக் காலை மடக்காமல் தூக்கினார். பாதி உயரம் போவதற்குள் கத்திவிட்டேன். பிறகு படத்தைப் பார்த்துச் சொன்னார். எலும்பு உடையவில்லை. எலும்புக்கு நடுவில் ஜவ்வு இருக்கிறது, அது கொஞ்சம் பிதுங்கியிருக்கலாம். அதைக் காப்பாற்றுகிறேன் என்று சுற்றியிருக்கும் சதையெல்லாம் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்போது வலியில் பெரும்பங்கு அந்தப் பிடிப்புதான். காலில் மரத்துப்போவதோ, சிறுநீர் போவதில் கஷ்டமோ இல்லாததால் உடனே ஆபரேஷன் என்ற பேச்சு இல்லை. படுக்கை, மாத்திரை, ஆழச் சூடு, அதோடு எக்ஸர்சைஸ்.

அம்மா குறுக்கே பேசியது. "சார், இவன் கீழ உக்காரணும் சார்."

"உக்காந்து என்னம்மா பண்ணப் போறாரு?"

"தெவசம் குடுக்கணும் சார். இவங்க அண்ணனுக்கு."

டாக்டர் படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். பிறகு, உறுதி சொல்ல முடியாது, முயற்சி செய்வோம் என்றார். கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில் கண்டக்டர் அண்ணனுக்கு.

ஆழச் சூடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஏதோ சுடுதண்ணீர்ப் பை என்று நினைத்தேன். அந்த அறையில் இருந்த பிசியோதெரபி மேடம் புரியும்படி சொன்னார். ஒத்தடம் கொடுத்தால் சூடு தோலோடு நின்றுவிடும். இந்த மிஷின் தோலைச் சுடாமல் உள்ளே இருக்கும் சதை வரைக்கும் சூட்டைக் கொண்டுபோகும். சதை இளகினால் வலி கொஞ்ச நேரம் அடங்கும். அந்த நேரத்துக்குள் எக்ஸர்சைஸ் செய்தால் உடம்பு நிமிரும். சூடு மட்டும் குணப்படுத்தாது, அது கதவைத் திறந்துவிடும் அவ்வளவுதான் என்றார்.

கட்டில் மரக்கட்டில். ஓர் ஆணிகூட வெளியே தெரியாது. சூடு வைப்பதற்கு முன்னால் ரெண்டு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்தது. நான் குப்புறப் படுத்திருக்க, மாற்றி மாற்றி முதுகில் வைத்து எது என்று கேட்டார். தோலுக்குச் சூடு தெரிகிறதா என்று பார்க்கிற சோதனை இது. சர்க்கரை வியாதிக்காரர்கள் சிலருக்குத் தெரியாதாம், அப்படியானால் மிஷின் வைக்கமாட்டார்கள். நான் சரியாகச் சொன்னேன்.

பிறகு வாட்ச், மோதிரம், சில்லறை, போன், பெல்ட் எல்லாம் எடுத்துவிட்டீர்களா, உள்ளே பிளேட் எதுவும் வைத்திருக்கிறதா, உடம்பில் இரும்போ வெள்ளியோ தங்கமோ எதுவும் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. இடுப்பில் இருந்த கொடி அந்தக் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எக்ஸ்ரேக்கு மேலே தள்ளி விட்ட மாதிரி, இங்கே முதுகில் மிஷின் வைக்கும் இடத்தை விட்டு இறக்கி, கைலிக்குள் தள்ளி விட்டிருந்தேன். பொம்பளைப் பிள்ளை, அவர் என் கைலியை விலக்கியா பார்ப்பார்?

அந்தக் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை இடுப்பில் அரணாக்கயிறு இல்லாமல் இருக்கமாட்டான். பழையது இற்றுப்போனால் புதுசைக் கட்டிக்கொண்டுதான் பழையதை எடுப்போம். உயிர் போன பிறகு, குளிப்பாட்டும்போது அறுத்து எடுப்பார்கள். எனக்கும் உனக்கும் சின்ன வயதிலிருந்தே வெள்ளிக்கொடி. அரியலூரில் அந்தப் பின்பக்க அறையிலிருந்து வந்த ஆள் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தார். உன் போன், பர்ஸ், அறுத்த கொடி. சொந்தக்காரர்கள் அதை வெட்டியானிடம் கொடுத்துவிடச் சொன்னார்கள். அம்மா கொடுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஆசாரியிடம் போய் உன் கொடியையும் என் கொடியையும் சேர்த்து உருக்கி ஒரே கொடியாகச் செய்யச் சொன்னது. அது முடிகிற வரைக்கும் என் இடுப்பில் வெறும் நூல்தான். செத்தவன் பொருளை இருக்கிறவனுக்குப் போடக்கூடாது என்று அத்தை சண்டைக்கே வந்தது. "எம்புள்ள வெள்ளி எம்புள்ளைக்கு எப்படி ஆவாமப் போவும்?" என்று அம்மா கேட்டது. கொடியை மாட்டி முடித்ததும், திருகைத் திருக முடியாதபடி குறடால் நசுக்கிவிடச் சொன்னது. ஆசாரி ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் நசுக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அதை அறுத்தால்தான் உண்டு.

மேடம் ரெண்டு பெரிய ரப்பர் தகட்டை, நடுவில் கனமான துணி வைத்து, என் இடுப்புக்கு மேலும் கீழுமாக வைத்தார். இதமாக இருக்க வேண்டும், சுட்டால் உடனே சொல்ல வேண்டும் என்றார். மிஷின் முனகியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெயிலில் காய்ந்த மூட்டைமேல் முதுகைச் சாய்த்த மாதிரி ஒரு சூடு உள்ளே இறங்கியது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக மூச்சை முழுசாக இழுத்து விட்டேன். கொஞ்ச நேரத்தில் இடுப்பில் ஒரு கோடு மட்டும் சுள்ளென்று எரிந்தது. சொல்லியிருக்க வேண்டும். சுட்டால்தான் வேலை செய்யும் என்று நினைத்துவிட்டேன். லோடுமேன் புத்தி. எரிந்தால் மருந்து, வலித்தால் வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

முடிந்து எழுந்தபோது கைலி ஒட்டிக்கொண்டது. மேடம் வார்டுக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். இடுப்பெலும்பு ஓரமாகக் கயிறு போட்டு அடித்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு, ரெண்டு மூன்று இடத்தில் கொப்புளம். மேடத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வெள்ளி இருக்கான்னு கேட்டேன்ல? இல்லேன்னீங்க."

"அது நகை இல்லீங்க மேடம்."

"பின்ன என்ன?"

"அது இடுப்புங்க" என்றேன்.

அவர் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார். அப்புறம் களிம்பு போட்டுவிட்டு விளக்கினார். இந்த மிஷினின் சூடு உடம்பில் உலோகம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் குவியும். கொடியைத் தள்ளி வைத்தால் போதாது, அது இந்த அறைக்குள்ளேயே இருக்கக்கூடாது. வேர்வை ஈரம் இருந்தால்கூடத் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். கொப்புளம் ஆறுகிற வரைக்கும் சூடு கிடையாது, அதற்குப் பிறகும் கொடியோடு வந்தால் கிடையாது. டாக்டரும் அதையேதான் சொன்னார். மாத்திரையும் எக்ஸர்சைஸும் மட்டும் வைத்தும் சரியாகலாம், நாள் ஆகும். தெவசத்துக்குள் உட்காருவது சந்தேகம்.

அம்மாவிடம் யார் சொல்வது? களிம்பு போட்ட இடத்தைப் பார்த்து அதுவாகவே தெரிந்துகொண்டது. திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சோற்றுத் தூக்கைத் திறந்து ரசச்சோற்றைப் பிசைந்தது. பிசைந்துகொண்டே, அத்தை சொன்னது சரியாகத்தான் போய்விட்டதா என்று கேட்டது. உனக்கு இஷ்டமில்லாமல்தான் உன் வெள்ளி என்னைச் சுட்டுவிட்டதோ என்று அதற்குப் பயம். கரண்டு கம்பியில் சூடு ஓடுகிற மாதிரிதான் இது, குமரேசன் யாரையும் சுடுகிற ஆளா என்று நான் கேட்டேன். அம்மா அடுத்த வாய் ஊட்டிவிட்டது. படுத்துக்கொண்டே சாப்பிடுவது சிரமம். ரசம் கழுத்தில் வழியும். அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருக்கும்.

கண்டக்டர் அண்ணன் மொத்த உடம்பையும் எங்கள் பக்கம் திருப்பினார்.

"யக்கா, நானும் கழட்டி வச்சிட்டுத்தான் கழுத்துக்குச் சூடு வாங்குறேன். இடுப்புல வெறும் பாவாடை நாடா மாதிரி ஒரு நூலுதான். உசுரோடதான் இருக்கேன். சந்தேகம்னா என் பொண்டாட்டிக்குப் போனப் போட்டுக் கேளுங்க. அவளுக்குத்தான் அதுல வருத்தம்."

அம்மா சிரித்தது. நீ போன பிறகு அது சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூக்கைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டது. கண்டக்டர் அண்ணன் யார் யாருக்கோ போன் போட்டு வைத்திருந்ததால், அந்த ரூட்டில் எந்த வண்டியில் ஏறினாலும் அம்மாவுக்கு முன் சீட்டு கிடைத்தது. தூக்கோடு ஒரு அம்மா வருவாங்க, நிக்க விட்டுடாதீங்கடா என்று சொல்லியிருந்தாராம். இது அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. ஊரில் எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அடுத்து வந்த நாட்கள் மோசம். சூடு இல்லாமல் எக்ஸர்சைஸ் செய்தேன். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்க வேண்டும். இடுப்பு எழும்புவதற்குள் சதை இறுகிப் பிடித்துக்கொள்ளும். மேடம், போதும் விட்டுவிடுங்கள் என்பார். பொழுது போகாது. எதிர்ச்சுவரில் ஒரு பல்லி இருந்தது, அது எங்கே போகிறது என்று பார்ப்பேன். தினேசு ஒரு தடவை ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு வந்தான். என் தலைமாட்டில் நின்றுகொண்டு, இனிமேல் சொல்லிவிட்டுத்தான் தூக்குகிறேன் என்றான். இனிமேல் நான் தூக்கமாட்டேன், டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார் என்றேன். ஆரஞ்சை உரித்து முழுசையும் அவனே சாப்பிட்டுவிட்டுப் போனான். வருத்தத்தில் அவனுக்கு அது தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு ரெண்டு பக்கமும் பயமாக இருந்தது. அறுக்காமல் விட்டால் உனக்குச் சோறு வைக்க முடியாது. அறுத்தால் அம்மா மனதில் என்னையும் சேர்த்து அனுப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும். நானாக அறுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. நீ இருந்திருந்தால் அம்மாவிடம் நீ பேசியிருப்பாய்.

கொப்புளம் காய்ந்து பக்கு உதிர்ந்து, புதுத்தோல் வந்துவிட்டது என்று மேடம் பார்த்துச் சொன்ன நாள். அம்மா காலையிலேயே வந்துவிட்டது. கையில் தூக்கு இல்லை. ஒரு கறுப்பு நூல் கயிறும் ஒரு பன்னும் இருந்தன. நேராக மேடத்திடம் போனது.

"ஏம்மா, நூலு இருந்தா பரவால்லல்ல? வெள்ளிதான ஆவாது?"

நூல் இருக்கலாம் என்றார் மேடம்.

"அப்ப அறுத்துடலாம். ஆனா நான் சொல்றபடி அறுக்கணும்."

அறுப்பதற்கு மாவுக்கட்டு அறையில் இருக்கும் சேகர் அண்ணனைக் கூப்பிட்டார்கள். ஒடிந்த காலுக்குக் கட்டு போடுவதும், பிரிப்பதும் அவர் வேலை. கம்பி வெட்டுகிற குறடோடு வந்தார். நான் கட்டிலில் படுத்திருந்தேன். அவர் கைலியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக் குனிந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"படுக்க வச்சு அறுக்காதீங்க. படுத்துக் கெடந்தவனுக்கு அப்படித்தான் அறுத்தாங்க. இவன் நிக்கட்டும்."

நிற்க முடியாதும்மா, சாய்கிறாரே என்றார் சேகர் அண்ணன்.

"சாஞ்சாலும் நிக்கட்டும்."

அம்மா ஒரு பக்கம், கண்டக்டர் அண்ணன் ஒரு பக்கம் பிடித்து என்னை நிறுத்தினார்கள். கண்டக்டர் அண்ணனால் குனிந்து என்னைப் பார்க்கவும் முடியாது, கூரையைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா முதலில் கறுப்புக் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டது. இழுத்துப் பார்த்தது. பிறகு பன்னில் ஒரு துண்டைப் பிய்த்து என் வாயில் வைத்தது.

"மென்னுக்கிட்டே இரு. முழுங்கிட்டுப் பேசு. பேசிக்கிட்டே இரு. அவன் பேசல, திங்கல, நிக்கல. நீ எல்லாம் பண்ணு."

பேசு என்றால் என்ன பேசுவது? எனக்கு ஒன்றும் வரவில்லை. பன்னை மென்றுகொண்டே இருந்தேன். மேடம் கதவருகில் திரும்பி நின்றுகொண்டார். சேகர் அண்ணன் கொடிக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு விரலை விட்டார். குறடு சில்லென்று பட்டது. அம்மா "பேசுடா செல்வம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. குரல் உடைந்து, கெஞ்சுகிற மாதிரி ஆகிவிட்டது.

சேகர் அண்ணன் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "சரியா?"

"சரி" என்றேன்.

அவர் அறுத்தார். நான் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி ஒரு வருஷம் ஆகப்போகிற நேரம் அது. யோசித்துச் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிற மாதிரியே வந்துவிட்டது. அம்மா கொடி கீழே விழாமல் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டது. பிறகு என் முகத்தையே பார்த்தது. நான் நின்றுகொண்டிருந்தேன், மென்றுகொண்டிருந்தேன். கண்டக்டர் அண்ணன் கூரையைப் பார்த்தபடியே, "யக்கா, எனக்கும் ஒரு துண்டு பன்னு குடுங்க, பயத்துல பசிக்குது" என்றார்.

அன்றைக்கே சூடு வைத்தார்கள். முன்னால் தெரிந்த அதே இதம், இந்தத் தடவை எரிச்சல் இல்லை. மேடம் பக்கத்திலேயே நின்று நாலைந்து தடவை கேட்டார். இதமா, சுடுதா? இதமாத்தான் இருக்கு மேடம். மிஷினை நிறுத்தியதும் உடனே முட்டியை மடக்கச் சொன்னார். இடுப்பைத் தூக்கினேன். எழும்பியது. கொஞ்சம்தான், ஆனால் எழும்பியது. தினமும் சூடு, அதன் பின்னாலேயே எக்ஸர்சைஸ். அம்மா வெளியே பெஞ்சில் கொடியை முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். வெள்ளியோடு அந்த அறைக்குள் வரக்கூடாது என்று சொன்னதால் வாசலைக்கூட மிதிக்காது.

ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். சூடு வைத்த கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும், ராத்திரி மறுபடி பிடிக்கும். ஆனால் பிடிக்கிற பிடி நாளுக்கு நாள் தளர்ந்தது. ஒரு நாள் பல் விளக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன், ரெண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன. யாரிடமும் சொல்லவில்லை, இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், மூட்டை தூக்காதே, எக்ஸர்சைஸை விடாதே என்றார். மேடம் தரையில் எப்படி உட்காருவது, எப்படி எழுந்திருப்பது என்று செய்து காட்டினார். முதலில் ஒரு முட்டி, பிறகு இன்னொன்று, முதுகை வளைக்காமல்.

இந்த மிஷின் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொடி, தாயத்து, மெட்டி, ஊக்கு, கொக்கி, நீங்கள் பொருளாகவே நினைக்காமல் உடம்போடு வைத்திருப்பது எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். உள்ளே பிளேட் வைத்தவர்கள், நெஞ்சில் கருவி வைத்தவர்கள், வயிற்றில் பிள்ளை இருப்பவர்கள், கட்டி இருப்பவர்கள் அதைச் சொல்லாமல் படுக்காதீர்கள். சுட்டால் பல்லைக் கடிக்காதீர்கள். அது மருந்து இல்லை.

தெவசத்துக்குத் திருமானூர் பக்கம் கொள்ளிடக் கரைக்குப் போனோம். தண்ணீர் ஓரமாகத்தான் ஓடியது, மணல் குளிர்ந்திருந்தது. மேடம் சொன்னபடி ஒரு முட்டி, பிறகு இன்னொரு முட்டி. உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பா மகன், தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று வேட்டி கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். தேவைப்படவில்லை. ஐயர் சொல்லச்சொல்ல உன் பேரைச் சொன்னேன். பிண்டம் வைக்கும்போது இடுப்பு ஒரு தடவை சுண்டியது, அப்படியே நிறுத்தி, மூச்சை விட்டு, வைத்தேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. தினேசு வந்து அக்குளில் கை கொடுத்தான். தூக்குவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் தூக்கினான்.

ஆற்றில் மூன்று முழுக்கு. வெளியே வந்தபோது அம்மா கரையில் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது. கொடியை ஆற்றில் விடப்போகிறது என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், அத்தை கையைக்கூடக் கூப்பிவிட்டது. அம்மா கொடியைத் தண்ணீரில் நனைத்து, அலசி, திரும்ப முடிந்துகொண்டது.

"வலி முழுசாப் போவட்டும். ஆசாரிகிட்ட குடுத்து ஒட்டிக்கலாம்" என்றது. கொஞ்சம் நடந்த பிறகு, "இந்தத் தடவை திருகு வச்சே செய்யச் சொல்லுவோம். கழட்டி மாட்டுற மாதிரி" என்றது.

இப்போது நான் ஒரு உரக்கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். இடுப்பில் கறுப்பு நூல்தான் இருக்கிறது. தினமும் காலையில் படுத்து இடுப்பைத் தூக்குகிறேன். தூக்கும்போது வாய்க்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். என்ன வார்த்தை என்று உனக்குத் தெரியும்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கோயிலோ, ஏலாக்குறிச்சி மாதாவோ, பள்ளிவாசலோ, நீங்கள் எங்கே போய் நின்று உங்கள் வீட்டு ஆட்களுக்காக வேண்டினாலும், கடைசியில் குமரேசன் என்ற பேரையும் ஒரு தடவை சேர்த்துச் சொல்லுங்கள். கடைசி நாளில் அவனுக்கு ஒரு கட்டில்கூடக் கிடைக்கவில்லை. போன இடத்திலாவது அவன் இதமாகப் படுத்திருக்க வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.